விட்டுவிட்டு அழும் கைக்குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வெளியாகின்றன. அந்தத் தொற்று தணிந்துவரும் நாட்களில் சில கைக்குழந்தைகளுக்கு ஏற்படும் குடல் செருகல் பற்றி அதிகம் பேசப்படாததால், குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அடினோ போன்ற வைரஸ்கள் தொற்றும்போது சிறுகுடலின் கடைசிப் பகுதியிலுள்ள நிணநீர்த் திசுக்கள் வீங்குகின்றன. குடலின் இயல்பான அசைவு அந்த வீக்கத்தை முன்னோக்கித் தள்ள, சிறுகுடல் பெருங்குடலுக்குள் மடிந்து நுழைந்துவிடுகிறது. நுழைந்த பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு, கவனிக்காமல் விட்டால் குடல் அழுகி ஓட்டை விழும். 5 முதல் 9 மாதக் குழந்தைகளிடமே இது மிகுதி. காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாதவையும் பல உண்டு.

இதை அடையாளம் காண அழுகையைக் கவனிக்க வேண்டும். நன்றாக இருந்த குழந்தை திடீரென முகம் வெளிறி, கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும். சில நிமிடங்களில் ஓய்ந்து, சிரிக்கவோ தூங்கவோ செய்யும். கால் மணி, இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதே அழுகை. இடையில் வரும் அந்த அமைதிதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. பிறகு வாந்தி தொடங்கி, பச்சை நிறமாக மாறும். சில குழந்தைகள் அழாமலேயே துவண்டு கிடப்பதும் உண்டு. மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து சிவப்பு ஜெல்லிபோல் வருவது பெரும்பாலும் நேரம் கடந்த பின்பே தெரிகிற அறிகுறி.

நம் ஊர்களில் இப்படி அழும் குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது என்றோ, தொக்கம் என்றோ சொல்லி, வயிற்றை நீவிவிடத் தூக்கிச் செல்கிறார்கள். நீவிவிடும் பாட்டிமார்களின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் செருகிய குடலை நீவி எடுக்க முடியாது, அதில் கழியும் மணி நேரங்களோ குழந்தைக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. உரிய நேரத்தில் வந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே இது தெரிந்துவிடும். ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ அழுத்தத்துடன் செலுத்தி, பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குடலை விடுவித்துவிடலாம். பெரும்பாலும் தாமதித்து வருபவர்களுக்கே கத்தி வைக்க நேர்கிறது, சில நேரம் குடலின் ஒரு பகுதியையே அகற்றவும் நேர்கிறது.

இதைப் படித்து, வயிற்றுப்போக்கைத் தடுக்கக் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவிர்த்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1998இல் வந்த ஒரு ரோட்டா தடுப்பு மருந்து குடல் செருகலை உண்டாக்கியதால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது உண்மைதான். நம் நாட்டில் கொடுக்கப்படும் ரோட்டாவேக் மருந்தால் அந்த ஆபத்து கூடவில்லை என்பது பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் தெரியவந்துள்ளது.

அந்தச் சொட்டு மருந்துக்காக 6, 10, 14ஆவது வாரங்களில் தாய்மார்கள் எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். அப்போதே இந்த அழுகையின் தன்மையை அவர்களுக்கும் உடன்வரும் பாட்டிகளுக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் விளக்க வேண்டும். இரவு நேரத்திலும் குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கக்கூடிய அரசு மருத்துவமனை எது என்பதை ஒவ்வொரு மாவட்டத்திலும் சுகாதாரத் துறை தெளிவாக அறிவித்தால், ஆம்புலன்ஸ் நேராக அங்கேயே போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.