ஊதிப் பார்த்தே மெத்தனாலைக் கண்டறியலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கையடக்க வேதிப் பகுப்பாய்வுக் கருவிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அவை மிக அவசரமாகத் தேவைப்படும் ஓர் இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் விஷச்சாராயம் குடித்து இறந்தவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டனர்.

விஷச்சாராயத்தில் கலந்திருக்கும் நச்சு ஆல்கஹாலான மெத்தனால், குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைச் சிதைப்பது அந்த அமிலமே. இதற்குப் பல மணி நேரம் பிடிப்பதால், அதற்குள் ஃபோமெபிசோல் என்னும் மருந்தையோ வழக்கமான மதுவிலுள்ள ஆல்கஹாலான எத்தனாலையோ கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுக்கவும், டயாலிசிஸ் மூலம் நஞ்சை வெளியேற்றவும் முடியும். ஆனால் வயிற்றுவலி, வாந்தி என்று ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, அவர் குடித்தது மெத்தனால்தானா என்று அங்கேயே உறுதிசெய்ய வழியில்லை. அதைச் சொல்லக்கூடிய, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி தொலைவிலுள்ள ஆய்வகத்தில் இருக்கிறது. வாகனச் சோதனையில் போலீசார் ஊதச் சொல்லும் கருவியோ மெத்தனால், எத்தனால் இரண்டையும் பிரித்தறியாது.

சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கையடக்கக் கருவி இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறது. டெனாக்ஸ் என்னும் பாலிமர் துகள்கள் நிரம்பிய சிறு குழாய் வழியே சிறிய பம்பு ஒன்று மூச்சுக்காற்றை இழுக்கிறது. எத்தனால் அத்துகள்களில் ஒட்டிப் பின்தங்க, மெத்தனால் முந்திக்கொண்டு வெளியேறி, பல்லேடியம் சேர்த்த டின் ஆக்சைடு உணரியைத் தனியாகச் சென்றடைகிறது. இரண்டு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். சாராயத்தின் ஆவியையும் இதே முறையில் சோதிக்கலாம். உணரியைவிட அந்தக் குழாயையே நான் வியக்கிறேன். பெரிய குரோமட்டோகிராஃப் கருவியின் அடிப்படைத் தத்துவம் அதனுள் அப்படியே இருக்கிறது. அந்தக் குரோமட்டோகிராஃபை 5 சென்டிமீட்டர் சிலிக்கான் தகட்டில் அடக்க முடியும் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1979லேயே காட்டிவிட்டார்கள்.

எனவே சென்னை ஐ.ஐ.டி., காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றிடம் இத்தகைய கருவியை உருவாக்கும் பணியைத் தமிழக அரசு ஒப்படைக்க வேண்டும். நம் வெயிலிலும் ஈரப்பதத்திலும் அளவீடு பிசகுகிறதா என்பதையும், குடித்துப் பல மணி நேரம் கழித்து வருபவரின் மூச்சில் எவ்வளவு மெத்தனால் எஞ்சியிருக்கும் என்பதையும் மருத்துவர்களுடன் சேர்ந்து சோதித்தறிய வேண்டும். அந்தச் சோதனையை விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
விழுப்புரம்.