வேனை எடுத்துப் போகுமுன்

குலசேகரம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஆம்னி வேனை ஓசூருக்கு எடுத்துப் போகலாமா என்று நீ போனில் கேட்டபோது அம்மாவும் பக்கத்திலிருந்து பேசிக்கொண்டிருந்ததால், சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்ல முடியவில்லை. தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீர் எங்கே ஒழுகியது, இங்கே என்ன வேலை பார்த்தோம், வழியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுத்துப் போ, மக்களே.

கொஞ்ச காலமாகவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. வண்டி நிற்கும் இடத்திலோ ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், பழைய வண்டி என்றால் அப்படித்தான் குடிக்கும், ஊற்றி ஊற்றி ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் குறைகிறதென்றால், ஒன்று அது வெளியே போக வேண்டும், அல்லது என்ஜினுக்குள் புகுந்து புகையோடு போக வேண்டும். ஒழுகலை அடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் கலக்கச் சொன்னவர்களும் உண்டு. ஓட்டையை அடைக்கும் அந்த மருந்து ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை.

பிறகு தக்கலையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் என்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் அளவுமுள் உள்ள கைப்பம்பைப் பொருத்தி, மூடி தாங்கும் அழுத்தமான ஏறக்குறைய 0.9 பார் வரை காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். முள் மெல்ல இறங்கியது, அப்படியென்றால் எங்கோ கசிகிறது. முன்சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது, தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றி, புத்தளம் உப்பள வரப்பில் படிந்திருப்பதைப் போல, வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. அந்தத் துளை தானாக விழுந்த ஓட்டை அல்ல. பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் புகாமல் வெளியேறட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். ஓடும்போது அழுத்தம் ஏறியதும் அதன் வழியே கசியும் தண்ணீர் சூடான என்ஜின் மேல் பட்டு ஆவியாகிவிடுவதால்தான், தரை எப்போதும் காய்ந்தே கிடந்திருக்கிறது. அந்தத் துளையில் யாராவது எம்சீல் பசையை வைத்து அடைக்கலாம் என்று சொன்னால் கேட்காதே. அடுத்து பேரிங் போகும்.

பம்பை மாற்றியாயிற்று. கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்த ரேடியேட்டரின் மேல் ஹோஸையும், பெல்ட்டையும், மூடியையும் அதோடு மாற்றச் சொன்னேன். அவர் ஹோஸின் ரப்பரைப் பற்றி விளக்க ஆரம்பித்ததும், ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டுக்காரனிடமே ரப்பரைப் பற்றிப் பேசுகிறாயா என்று மெக்கானிக்கிடம் வேடிக்கையாகக் கேட்டேன். இந்த ஹோஸ் நம் மரத்துப் பாலில் செய்ததல்ல, வெந்நீரையும் நீராவியையும் தாங்கும் செயற்கை ரப்பர் என்றார். நம்முடையது அந்தச் சூட்டில் சீக்கிரமே வெடிப்பு விட்டுப் போகுமாம்.

என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. ஆயில் அளவுக்கம்பியில் பால் கலந்ததுபோல் எதுவும் இல்லை, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. எப்போதோ எவரோ கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டை, அதாவது என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, திரும்பப் போட்டிருக்கிறோம். நம் பக்கத்து வெயிலுக்கு அது வேண்டாம் என்று கழற்றிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது இல்லாவிட்டால் என்ஜின் ஓட வேண்டிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கூலன்டில் போர் தண்ணீரைக் கலக்காமல் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையே பாதிக்குப் பாதி கலந்திருக்கிறேன். நமக்குப் பனி உறையும் பயம் இல்லை. துருப்பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலை கூடவும்தான் கூலன்ட். அது இனிக்கும் விஷம் என்பதால், வடித்த பழையதைக் கோழியும் நாயும் வாய் வைக்காதபடி கேனில் மூடி வைத்திருக்கிறேன்.

பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஷீட் பாரத்தோடு ஓட்டிப் பார்த்தேன், மட்டம் குறையவில்லை. ஆனாலும் உன் வழி நீளமானது. ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது தென்மேற்குக் காற்று முதுகிலிருந்து தள்ளும். வண்டிக்குச் சுகமாக இருந்தாலும், ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று குறைந்துவிடும். தருமபுரிக்கு முன்னால் தொப்பூர் கணவாய் உனக்கு ஏற்றமாக வரும். அங்கே கீழ் கியரில் நிதானமாக ஏறு.

சூட்டைக் காட்டும் முள்ளை மட்டும் நம்பாதே. தண்ணீர் அறவே வற்றிப்போனால், சென்சார் தண்ணீரில் மூழ்காமல் நிற்பதால் முள் ஏறுவதற்குப் பதில் இறங்கவும் கூடும். என்ஜின் உன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. சீட் வழக்கத்துக்கு மேல் சுட்டாலோ இனிப்பான நெடி வந்தாலோ உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்து. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்து போகும், பிறகு லேத்துக்குக் கொண்டு போய்ச் சமப்படுத்த வேண்டிவரும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை டீ குடித்துக்கொண்டு இரு.

கலந்த கூலன்ட் ஒரு கேனும், இரண்டு கிளிப்பும், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஓசூர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே கூலன்ட் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா