அண்ணனுக்கு, மெல்பர்னிலிருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. சித்தப்பா விளையில் வேலியை நம் பக்கம் மூன்று சென்ட் தள்ளிப் போட்டதையும், நீங்கள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்ததையும் படித்ததிலிருந்து மனம் சரியில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலைக்குக் குறைவில்லை. சனிக்கிழமையும் போகிறேன், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று. இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் பிந்தி வரும், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் கிரேக்கத் தாத்தா ஈஸ்டருக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். ஓக்லி பக்கம் அவர்கள் ஆட்கள் நிறைய. பின்வாசலில் கரி மூட்டி, முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் ஏற்றியிருந்தார். பின்னால் நுழைந்த கம்பி வாய் வழியாக வெளியே வந்திருந்தது. முதுகெலும்பைக் கம்பியோடு இறுக்கிக் கட்டி, மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். என்னையும் சுற்றச் சொன்னார். கொழுப்பு கரியில் சொட்டிப் புகை எழுந்ததும் நம் கோயிலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வாசனை. சித்தப்பா வாளியோடு வந்து நம் இரண்டு பேர் இலையிலும் மட்டும் கூட ஒரு கரண்டி ஊற்றுவாரே! அண்ணா, அந்த நிமிஷமே ஊருக்கு வந்துவிட வேண்டும் போலிருந்தது.

சாப்பாடு முடிந்து தாத்தா தன் கிரேக்க வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 6:10ஐக் காட்டினார். நமக்கு மனப்பாடமான வசனம்தான். பண ஆசை பிடித்தவர்கள் 'அநேக வேதனைகளாலே தங்களை உருவக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்.' அந்த இடத்தில் மூலத்தில் இருப்பது 'பெரிபெய்ரோ'. பழைய கிரேக்கத்தில் கம்பியில் கோப்பதற்கும் அதுதானாம். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல். நம் வேதாகமத்தில் 'உருவ', அதாவது ஊடுருவ, என்று போட்டது எவ்வளவு சரி! ஆட்டை வேறொருவர் குத்துகிறார். இவர்களோ தங்களைத் தாங்களே. விசுவாசத்தை விட்டு வழுவியதும் அதே வசனத்தில்தான் வருகிறது. வேதனை பிறகு வரும் தண்டனை என்று நினைத்திருந்தேன். பவுலோ அந்த ஆசையே உள்ளே இறங்கும் கம்பி என்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கம்பிதான் கண்ணில் நின்றது. சித்தப்பா செய்தது தப்பு, மறுக்கவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போனால் அம்மாவும் சித்தியும் கோயிலில் ஒரே பாயில் எப்படி உட்காருவார்கள்? வக்கீலுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து, நம் கோயில் உபதேசியாரை நடுவில் வைத்துப் பேசுங்கள். அப்படியும் சித்தப்பா பிடிவாதம் பிடித்தால் அந்த மூன்று சென்டை என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில், அடியில் இருக்கிறது.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும் எழுதுங்கள். அதற்குள் பணம் அனுப்பிவிடுவேன்.

உங்கள் அன்புத் தம்பி