அந்த லுட்விக்கைப் பார்த்துவிட்டு வந்தேன்

கணபதி, கோயமுத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் மகளுக்கு வாங்க ஒரு பழைய டிரம்மைப் பார்த்துச் சொல்லச் சொன்ன உன்ற கடுதாசி வந்து நாலு நாளாச்சு. நேரில் பார்க்காமல் பதில் எழுத மனசு வரவில்லை. இன்றைக்குக் காலையில்தான் அந்த ஸ்னேர் டிரம்மை, அதாவது அடித்தோலில் கம்பி படிந்திருக்கும் டிரம்மை, பார்த்தேன். விற்கிறவர் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர், இப்போது தோள்பட்டை வலியாம். காப்பி கொடுத்து, "நல்லாப் பாருங்க, அவசரமில்லீங்க" என்று ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

சிகாகோ லுட்விக் கம்பெனி செய்ததுதான். 14 அங்குல வாய், 5 அங்குல உயரம், தோலை முறுக்கும் போல்ட் ஏறுகிற லக்கு 10, ஷெல் என்கிற உருளை உடம்பைச் சுற்றி நடுவில் ஒரு வரம்பு: சூப்ராஃபோனிக் என்கிற மாடல். பேட்ஜ், அதாவது கம்பெனி பெயர்த் தகடு, பழைய கீஸ்டோன் வகை, 1960களுடையது. ஆனால் பேட்ஜுக்காகக் காசு கொடுக்காதே. காற்றுத் துளையில் ஒரு வளையம்தான் அதைப் பிடித்திருக்கிறது. கழற்றி இன்னொரு டிரம்மில் மாட்ட எவ்வளவு நேரமாகும்? சீரியல் எண்ணும் வருசத்தைத் தோராயமாகத்தான் சொல்லும். தொழிற்சாலையில் எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை.

காந்தம் கொண்டுபோயிருந்தேன். ஷெல்லில் ஒட்டவில்லை, அதனால் இரும்பில்லை. 1960களின் தொடக்கத்தில் பித்தளை மேல் குரோம் பூசினார்கள், பிறகு அலுமினியத்துக்கு வந்தார்கள். இதில் துளையின் விளிம்பில் மஞ்சள் தெரியவில்லை, கையில் கனமும் இல்லை. அலுமினியம். தோலைப் பிடிக்கும் வளையமான ரிம்மின் ஓரமாக ஷெல்லில் குரோம் கொப்புளித்து உதிர்ந்திருக்கிறது. அலுமினியத்தின் மேல் குரோம் இப்படித்தான் ஆகும், ஓசைக்குக் கேடில்லை. திரும்ப பிளேட்டிங் போடலாமென்று மட்டும் யோசிக்காதே.

அப்புறம் அவரிடம் கேட்டு, இரண்டு தோலையும் கழற்றி ஷெல்லைப் பட்டறைக்கே கொண்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் நான் ஒன்று வாங்கினேனே, ஞாபகமிருக்கா? தட்டிப் பார்த்தேன், ஓசை பிடித்தது, தோலைக் கழற்றாமலே காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஷெல் முட்டை வடிவம். எத்தனை தரம் முறுக்கினாலும் ஒரு பக்கம் சுருதி இறங்கியே நின்றது. அந்த வருத்தம் உன் மகளுக்கு வரக் கூடாது. கம்பி, தோல், ரிம் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஷெல்லை மாற்ற முடியாது.

சர்ஃபேஸ் பிளேட்டில், அதாவது துல்லியமாகச் சமமான பட்டறைப் பலகையில், கவிழ்த்து வைத்து, உள்ளே டார்ச்சை ஏற்றி, பட்டறை விளக்கை அணைத்தேன். மேல் விளிம்பில் ஒட்டுக்கா இருட்டு, ஒரு கீற்றுக்கூடக் கசியவில்லை. திருப்பி வைத்தால் எதிரெதிரே இரண்டு இடத்தில் வெளிச்சம் வந்தது. அது பழுதில்லை, ஸ்னேர் கம்பி படிந்து உட்காரத் தேய்த்து விட்டிருக்கும் பள்ளம். குறுக்காக 5 இடத்தில் அளந்தேன், அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அந்த நிமிசம் எனக்கே வாங்க ஆசை வந்துவிட்டது, மாப்ளே.

குறை இரண்டு. உள்பக்கம் ஒரு ஓட்டை கூடுதலாக இருக்கிறது, கம்பியை இறுக்கித் தளர்த்துகிற லீவரை எப்போதோ வேறொன்றாக மாட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, ஒரு லக்கில் யாரோ நம்ம ஊர் 6 மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்து மரையைக் கெடுத்திருக்கிறார்கள். லுட்விக் மரை வேறு, கிட்டத்தட்ட ஐந்தரை மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் நட்டை நானே லேத்தில் கடைந்து தருகிறேன். மற்ற ஒன்பது லக்கிலும் விரிசலில்லை, பின்பக்கமும் பார்த்துவிட்டேன்.

அவர் 45 ஆயிரம் சொல்கிறார். ஓட்டையைக் காட்டி 38-க்குப் பேசு, அதற்கு மேல் வேண்டாம்.

கோபியிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். பாப்பாவைக் கட்டாயம் கூட்டி வா. ஒவ்வொரு லக்குக்குப் பக்கத்திலும் மெல்லத் தட்டி, கம்பியைத் தளர்த்தி ஒரு தரம், இறுக்கி ஒரு தரம் அவளே வாசிக்கட்டும். அவள் வழக்கமாக வாசிக்கிற குச்சியையே எடுத்து வரச் சொல். டிரம் சாவி என்னிடம் இருக்கிறது.

உன்ற,
பழைய பெஞ்சுக்காரன்