கும்பகோணம் காவிரிப் படித்துறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வேலை முடிந்துவிட்டது. மண்டபத்துக்குத் தட்டோடு பதித்தோம், பிள்ளையார் சன்னதிக்கு வெள்ளை அடித்தோம், விளக்கு எரிகிறது. இவற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் நீட்டவில்லை.

எல்லோரும் கேட்பது, கட்டி முடித்த படியை ஏன் கொத்தி எடுத்தீர்கள், செலவு ஏன் கூடியது என்பதுதான். கல் இடுக்குகளில் சுண்ணாம்புக் காரை மட்டுமே, அதுவும் கடுக்காய், வெல்லம் ஊறிய நீரில் குழைத்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். ஒப்பந்ததாரர் கீழ்ப்படிகளில் சிமெண்டை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார். மாசியில் ஒருநாள் காலை நம் பொருளாளர் வீட்டுச் சாவியால் சுரண்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறம், சாவி வழுக்கியது. "தண்ணீருக்குள் கிடக்கிற படிக்கு எதைப் பூசினால் என்ன சார்?" என்றார் ஒப்பந்ததாரர். சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். கல் விரிந்து சுருங்கும்போது விட்டுக்கொடுக்காது. கடைசியில் பொரிவது கல்லின் விளிம்பு.

போனால் போகட்டும் என்று குழுவிலேயே மூவர் சொன்னார்கள். அதிலும் நியாயம் இருந்தது. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் அடைத்து ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். ஆற்றில் தண்ணீர் வராத அந்த இடைவெளிக்குள் கீழ்ப்படி வேலை முடிய வேண்டும், காரை இறுகவும் நாள் வேண்டும். இருந்தும் கொத்தச் சொன்னோம். ஒப்பந்ததாரர் ஆட்களோடு கிளம்பிவிட்டார். அவருடைய கடைசித் தவணையை நிறுத்திப் புதுக் கொத்தனார்களுக்குக் கூலி கொடுத்தோம், போதவில்லை. அந்தப் பற்றாக்குறைதான் நீங்கள் கேட்கும் கூடுதல் செலவு. கமிஷன் என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் மண்டபத்துக்கு வந்து ரசீதுகளைப் புரட்டலாம்.

மனுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரைக்கு நீர்வளத் துறை, சன்னதிக்கு அறநிலையத் துறை, தெருச் சாக்கடைக்கு மாநகராட்சி. பத்துப் படி இறங்குவதற்குள் மூன்று நிர்வாகம். 1866 முதல் நகராட்சியாக இருந்த ஊர் 2021-இல் மாநகராட்சியானது. பழக்கதோஷத்தில் "நகராட்சி ஆணையர் அவர்களுக்கு" என்று எழுதிவிட்டு, மனுவை மறுபடி எழுதியவர் செயலாளர். சாக்கடை நீர் படியில் விழாமல் திருப்பிவிடும்வரை வார்டு உறுப்பினர் கூடவே நின்றார். அவருக்கு நன்றி.

கருங்கல் கொடுத்த பெரிய கடைத் தெரு வியாபாரிகள், சுண்ணாம்பு கொடுத்த மடத்துத் தெருக் குடும்பங்கள், மணி கொடுத்த பாத்திரக் கடைக்காரர்கள், தினமும் காபி அனுப்பிய டபீர் தெரு வீடு, கவுளி விற்ற காசில் நூறு நூறாகக் கொடுத்த வெற்றிலை வியாபாரிகள், பாணாதுறை இளைஞர்கள், துக்காம்பாளையத் தெரு மகளிர், தன் பெயரைக் கல்வெட்டில் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம், கல்லில் இன்னும் இடம் இருக்கிறது.

ஆடிப்பெருக்கன்று பெண்கள் காதோலை, கருகமணியோடு இறங்கினார்கள். ஒரு படியும் அசையவில்லை.

கடைசிப் படியின் கிழக்கு ஓரக் கல்லில் மட்டும் சிமெண்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது. கொத்தினால் கல் பிளக்கும் என்று கொத்தனார் சொன்னதால் விட்டுவிட்டோம். தண்ணீர் வடிந்ததும் யாராவது கண்டுபிடிப்பதற்கு முன் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்