ஒரு வரி செங்கல்

நங்கநல்லூர்,
ஐப்பசி 25

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்த அன்று உட்கார்ந்து படிக்க வீட்டில் இடமில்லை. கூடத்தில் கட்டில் மேல் கட்டில், அதன்மேல் பீரோவைக் காலி பண்ணிய துணி மூட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே தூசிக்குப் போர்வையாக என் பழைய நைலக்ஸ் புடவைகள். மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தேன். அப்போது போட வேண்டிய பதிலை, சாமான்களெல்லாம் அதனதன் இடத்துக்குப் போன பிறகு இப்போது எழுதுகிறேன். கோபிக்காதே.

தை பிறந்ததும் மதுரையில் அம்மா வீட்டில் கை வைக்கப் போகிறேன், எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டிருந்தாய். பெரிய வேலைகளுக்கு நீ யோசிக்கவே வேண்டாம், அதுவே தலையில் வந்து விழும். எங்களுக்கு விழுந்தது மூன்று. மொட்டைமாடித் தட்டோட்டைப் பெயர்த்துத் தளவரிசையைப் புதிதாகப் போட்டது, 1983-இல் மாமனார் கட்டின நாளிலிருந்து இருந்த ஒயரிங்கை மாற்றியது, குளியலறை. மூன்றுமே லட்சக் கணக்கு. வந்து பார்த்த சொந்தக்காரர்களில் ஒருத்தராவது சுவருக்குள் இருக்கிற ஒயரைப் பாராட்டினார்களா என்று கேள்! ஆனால் ஒயரிங் மாற்றினால் அந்த டிரிப்பரை மட்டும் விட்டுவிடாதே. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டுகிற ரகம். போட்ட முதல் நாள் ராத்திரி மூன்று தடவை வீடே இருட்டாகிவிட்டது. இவர் எலக்ட்ரீஷியனைத் திட்டித் தீர்த்தார். காலையில் பார்த்தால் கசிந்தது எங்கள் கீசர். எத்தனை வருஷமாக அதில் குளித்தோமோ, பெருமாள் காப்பாற்றியிருக்கிறார்.

நான் எழுத நினைத்தது சின்ன வேலைகளைப் பற்றி.

கூடத்துத் தெற்குச் சுவரின் ஓதம் உனக்கு ஞாபகமிருக்கும். பெரியவள் கல்யாணத்துக்கு வந்தபோது, உப்பு பூத்துப் பெயிண்ட் உதிர்ந்து கிடந்ததை மறைக்க அங்கே சோபாவை இழுத்துப் போட்டது நீதான். ஒவ்வொரு பெயிண்டரும் வந்து, "வாட்டர் ப்ரூஃப் பட்டி பார்த்துடலாம் மேடம்" என்பார். பார்ப்பார். இரண்டு மழைக்குத் தாங்கும். இந்தத் தடவை மேஸ்திரி (செஞ்சிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்) ஒரு பாலிதீன் தாளை முழ அகலத்துக்கு வெட்டிச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டினாற்போல், முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம், உள்பக்கம் என்றால் சுவரே குடித்துவிட்டுக் கக்குகிறது என்று அர்த்தமாம்.

எங்கேயிருந்து குடிக்கிறது? பைப் கசிவு என்று நாங்கள் நினைத்தோம். அவர் வெளியே போய்ச் சுவரோரம் கடப்பாரையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தரை எப்பம்மா போட்டீங்க?" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. இந்த வீடு கட்டினபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வரவேண்டும் என்பார் மாமனார். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது வாசலில் ஒரு படி இறங்குகிறோம். தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதே என்று சுற்றுத்தரையை ஒரு அடி உயர்த்தி சிமெண்ட் பூசினோம். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தோம். பேஸ்மட்டத்துக்கு மேலே, சுவர் எழும்புகிற இடத்தில், மண்ணின் ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு காரைப் படுகை போட்டிருப்பார்களாம். நாங்கள் உயர்த்திய தரை அந்தப் படுகையையே மூழ்கடித்துவிட்டது. ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு ஜாலியாகச் செங்கல்லில் ஏறியிருக்கிறது. எட்டு வருஷமாக வியாதி வெளியே இருக்க, பட்டியும் பெயிண்டும் உள்ளே பூசிக்கொண்டிருந்தோம்.

வைத்தியம் என்ன தெரியுமா? சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்குத் தரையை வெட்டி, அந்தப் படுகைக்கு அரை அடி கீழே வரை இறக்கி, ஜல்லி கொட்டி, மழைநீர்த் தொட்டிப் பக்கம் தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) கொடுத்தது. இரண்டு ஆள், இரண்டு நாள். உள்ளே மூன்றடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை மொட்டையாகவே சித்திரையிலிருந்து ஆடி வரை காயவிட்டோம். உப்பு பூக்கப் பூக்க நான்தான் தினமும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாரினேன். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும். வருகிறவர்களெல்லாம், "பணம் தீர்ந்துபோச்சா?" என்கிற மாதிரி அந்தச் சுவரைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இப்போது அடித்துப் பெய்கிற மழையில் தினமும் ஒரு தடவை போய் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். காய்ந்த சுவரைத் தொடுவதில் இவ்வளவு சந்தோஷமா என்று உனக்குச் சிரிப்பு வரும்.

அந்த மழைநீர்த் தொட்டி இன்னொரு கூத்து. 2003-இல் எல்லா வீட்டிலும் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது அவசரமாக வெட்டி மூடினது. அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை. 2019-இல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோதுகூட அந்த மூடி ஞாபகம் வரவில்லை எங்களுக்கு. இப்போது திறந்தால் ஜல்லியும் மணலும் ஒரே சேற்றுக் கட்டி, ஒரு சொட்டு இறங்காது. மேலே சின்னவனுடைய ரப்பர் பந்து ஒன்று, வெளுத்துப் போய். மணலை அள்ளி எறிந்துவிட்டு, ஜல்லியைக் கழுவிப் போட்டு, புது மணல் கொட்டினோம். போன வாரம் அரைமணி நேரம் கொட்டின மழையை அந்தக் குழி சத்தமில்லாமல் குடித்துவிட்டது. உங்கள் அம்மா வீட்டுத் தொட்டியையும் திறந்து பார்த்துவிடு.

வாட்டம் என்றதும் குளியலறை ஞாபகம் வருகிறது. வேலை நன்றாகத்தான் நடந்தது. வாட்டர் ப்ரூஃப் பூசி, சாக்கடை வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழே ஒழுகுகிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். டைல்ஸ் ஒட்டின அன்று நான் பாங்குக்குப் பென்ஷன் வேலையாகப் போயிருந்தேன். இவர்தான் மேற்பார்வை. மறுநாள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். நேராக வாசலைப் பார்க்க நடந்தது! "வாட்டம் குடுத்திருக்கேம்மா" என்கிறான் டைல்ஸ் பையன். கொடுத்திருக்கிறான், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. ஆறு டைல்ஸை உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. நாலடி தூரத்துக்கு அரை அங்குலமாவது சாக்கடைப் பக்கம் இறங்க வேண்டும், அதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னாலேயே, சாந்துத் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடு. மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை நம்பாதே என்று சொல்லவில்லை, குவளையையும் நம்பு.

இப்போது ஒரு பெருமை. நான் டிரில்லிங் மெஷின் வாங்கிவிட்டேன்.

திருவல்லிக்கேணி ஹாஸ்டலில் நீ காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போய், சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்ததே? வார்டன் வருவதற்குள் அந்த முருகன் காலண்டரையே ஓட்டைக்கு மேல் தொங்கவிட்டு, வருஷம் முடிந்தும் ஒரு வருஷம் கழற்றவில்லை. அந்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை, முப்பது வருஷமாக ஒரு ஆணிக்குக்கூட ஆளைத் தேடினேன். ஆள் வரமாட்டான், வந்தால் முந்நூறு கேட்பான். எலக்ட்ரீஷியன் கற்றுக்கொடுத்தது நாலே விஷயம். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதே, ஒயர் அந்தக் கோட்டில்தான் ஓடும். திருகாணிக்காகத் துளைக்குள் செருகுகிற பிளக் 6 மி.மீ. என்றால் துளைக்கிற பிட்டும் 6 மி.மீ. எவ்வளவு ஆழமோ அந்த இடத்தில் பிட்டின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்று, டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்து. முதலில் மெதுவாக, வெறும் சுழற்சியில் ஒரு குழி. அப்புறம்தான் அடிக்கிற பொத்தான். ஐந்தாவதை நானே கண்டுபிடித்தேன். கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றை வாய் திறந்து துளைக்குக் கீழே ஒட்டிவிட்டால் செங்கல் பொடியெல்லாம் அதில் விழுந்துவிடும், தரை பெருக்க வேண்டாம். முதல் துளை மாமனார் படத்துக்கு. கை நடுங்கியது உண்மை. சிவப்புப் பொடி சரசரவென்று உறைக்குள் விழ விழ, இவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "இடது பக்கம் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷவர் அடைத்துக்கொண்டால் பிளம்பரைக் கூப்பிடாதே. பாலிதீன் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை முங்குகிற மாதிரி ராத்திரி கட்டிவிடு. எங்கள் போர் தண்ணீர் உப்பே கழன்று வந்துவிட்டது.

கொல்லைக் கதவு மட்டும் இன்னும் பாக்கி. வேப்ப மரம். ஐப்பசி பிறந்தால் உப்பிக்கொண்டு நிலையில் சிக்கிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். வருஷா வருஷம் மழையிலேயே யாரையாவது கூப்பிட்டு இழைப்போம். சித்திரையில் பார்த்தால் பல்லி குடும்பத்தோடு நுழைகிற அளவுக்குச் சந்து. இந்தத் தடவை வந்த ஆசாரி இழைக்கவே மாட்டேன் என்றுவிட்டார். "மழையில இழைச்சா வெயில்ல பல்லிளிக்கும்மா." கதவின் அடியில் கண்ணாடியை நீட்டிக் காட்டினார். வெறும் மரம், ஒரு சொட்டு பெயிண்ட் இல்லை. முன்னும் பின்னும் மூன்று கோட் அடித்திருக்கிறோம், அடி விளிம்புக்கும் தலைக்கும் யாரும் அடித்ததில்லை. ஈரம் குடிப்பது அந்த வாய் வழியாகத்தானாம். தையில் மரம் வற்றியபிறகு வந்து, கீலைக் கழற்றிக் கதவைப் படுக்கப் போட்டு, தேவையான அளவுக்கு மட்டும் இழைத்து, விளிம்புகளுக்கு பிரைமர் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் உரசுகிற இடத்தில் மெழுகுவத்தி தேய்த்து ஓட்டுகிறேன்.

கடைசியாக, சமையலறை. என் மாமியார் நாலே முக்கால் அடி. மேடை கட்டும்போது அவரை நிற்க வைத்துத்தான் அளவெடுத்திருக்கிறார்கள். 29 அங்குலம். அவருக்கு அது கச்சிதம். 1991-இல் நான் வந்தபோது எனக்கும் அதுதான் மேடை. காய் நறுக்க ஒரு குனிவு, பாத்திரம் கழுவ இன்னொரு குனிவு. இடுப்பு வலிக்கு எத்தனை தைலம், எத்தனை டாக்டர்! கால்சியம் போதவில்லை என்றார்கள். மேடையை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் போன பிறகும் தோணவில்லை எனக்கு. மேடை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

மேஸ்திரிதான் ஒருநாள் டீ வாங்கிக்கொள்ள வந்தவர், நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்தார். முழங்கையை மடக்கி நிற்கச் சொன்னார். தரையிலிருந்து 39 அங்குலம். அதற்கு ஐந்தாறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டுமாம். "கடப்பாக் கல்லைத் தூக்கிட்டு, கீழ இருக்குற குட்டைச் சுவத்துமேல ஒரு வரி செங்கல் வச்சு, அதே கல்லை மறுபடி வச்சுடலாம்." மூன்று அங்குலச் செங்கல், மேலும் கீழும் சாந்து, மொத்தம் நாலு. நாற்பது கல், அரை மூட்டை சிமெண்ட், ஒரு காலைப்பொழுது. மூன்று நாள் கூடத்தில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தேன். நாலாம் நாள் நிமிர்ந்து நின்றுகொண்டு தோசை வார்த்தேன். கீழே பழைய அலமாரிக் கதவுகளுக்கும் கல்லுக்கும் நடுவில் நாலு அங்குல இடுக்கு விழுந்துவிட்டது. இவர் பலகை அடித்து மூடிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். பூரிப் பலகையும் தோசைக்கல்லும் இப்போது அங்கேதான் படுத்திருக்கின்றன.

அதனால் மதுரைக்குப் போனதும் முதல் வேலையாக சமையலறையில் நின்று உன் முழங்கை உயரத்தை அளந்து எனக்கு எழுது. உங்கள் அம்மா, "எனக்கு இதுவே போதும்டி" என்பாள். அவளுக்கு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வை, உப்பு போதுமா என்று கேள். அளவு உன்னுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் சாந்தா