ஞாயிறு வட்டப் பாதை: நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஞாயிறு நாம் போவது, கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரும் 5 கிலோமீட்டர் பாதை. ஏற்றம் குறைவு, ஆறு வயதுப் பிள்ளையும் நடந்துவிடும். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் நடை நேரத்துக்கு வகுத்த கணக்குப்படி சமதரையில் இதற்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் பிள்ளைகள் தும்பியைக் கண்டால் நின்றுவிடுவார்கள். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

சைக்கிளில் வருபவர்கள் நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்பே மணியடித்து வேகத்தைக் குறையுங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும். போன முறை என் மகளின் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி முழுவதும் தெரிந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும். கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை மழை பெய்தால் சவாரியைத் தள்ளிவைப்போம். ஈர மண்ணில் பதியும் டயர் தடம் அப்படியே காய்ந்து, அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை அரித்துவிடும்.

எத்தனை பேர், எத்தனை சைக்கிள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே எழுதுங்கள். காலை 6.30 மணிக்குப் பாதையின் தொடக்கத்தில் கூடுவோம்.